கடலுக்கு அப்பால் ஒரு நாள்
வீட்டில் படிக்கும் பிள்ளைகளை வெளிநாட்டுக் கல்விப் பயணம் அழைத்துச் செல்வோருக்கு



நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு, நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் சிலர் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "எங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை, வீட்டில்தான் படிக்கிறது. பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகிறார்களே, அது போல இதை ஒரு நாள் வெளிநாடு கூட்டிப் போய் வரலாமா? அதனால் படிப்புக்குப் பயன் உண்டா?"

பயன் உண்டு. ஆனால் அந்தப் பயன் கப்பலில் ஏறுவதால் தானாக வந்துவிடாது. போவதற்கு முன் வீட்டில் நடக்கும் பாடமும், வந்த பின் நடக்கும் பாடமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்வதற்கே இக்கட்டுரை.

வீட்டில் படிப்பதும் வீட்டில் இருப்பதும்

நம் பகுதியில் பள்ளிக்குப் போகாமல் வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பல வகையினர். ஹிப்ழு முடிப்பதற்காக இரண்டு மூன்று ஆண்டுகள் பள்ளியை விட்டவர்கள் உண்டு. தந்தையின் வேலை காரணமாக வளைகுடா நாட்டில் படித்துவிட்டு, பாதி வகுப்பில் ஊர் திரும்பி, எந்தப் பள்ளியிலும் பொருந்தாமல் நிற்பவர்கள் உண்டு. தாங்களே நன்றாகக் கற்றுக் கொடுக்க முடியும் என்று திட்டமிட்டுப் படிக்க வைக்கும் பெற்றோரும் உண்டு. பெரிய மனுஷியானதும் நிறுத்தப்பட்டு, "வீட்டில் படிக்கிறாள்" என்று சொல்லப்படும் பெண் பிள்ளைகளும் உண்டு. இவர்கள் எல்லோரையும் ஒரே பெயரால் அழைக்கிறோம். ஆனால் சிலர் வீட்டில் படிக்கிறார்கள், சிலர் வீட்டில் இருக்கிறார்கள். இந்த வேறுபாட்டை நாம் மூடி மறைக்கக் கூடாது.

6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கான கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அது சொல்கிறது. வீட்டுக் கல்வியை அது தனியாக அங்கீகரிக்கவில்லை. வீட்டில் படிக்க வைத்ததற்காகப் பெற்றோருக்குத் தண்டனையும் அதில் சொல்லப்படவில்லை. ஆகவே வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு நாளை கையில் நிற்கப்போவது சான்றிதழ்தான். 1989இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இதற்கு வழி வைத்திருக்கிறது. 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு இணையான மூன்று நிலைகள் அதில் உள்ளன. 14 வயது நிறைந்தவர் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதலாம். இந்தப் பதிவைச் செய்யாமல் வெளிநாட்டுப் பயணத்தைத் திட்டமிடுவது, சுவர் எழுப்பாமல் ஓடு வாங்குவது போன்றது. முதலில் பதிவு, பிறகு பயணம்.

"ஒரு நாள்" என்பதன் கணக்கு

2023 அக்டோபர் 14 அன்று 'செரியபாணி' என்ற கப்பலுடன் இந்தச் சேவை தொடங்கியது. பருவமழை காரணமாகச் சில நாட்களிலேயே நின்றுபோனது. பின்னர் 2024 ஆகஸ்ட் 16 முதல் 150 பேர் செல்லக்கூடிய 'சிவகங்கை' கப்பல் ஓடத் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சேவை நிறுத்தப்படுவது வழக்கம். எனவே இடைப்பட்ட மாதங்களிலேயே பயணத்தை வைத்துக்கொள்வது நல்லது.

நம் ஊரார்க்குக் கப்பல் புதிதல்ல. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன 'ரஜூலா' கப்பலைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அதன் பின் ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' 1985இல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழி முடிந்தது. உங்கள் பிள்ளையின் பாட்டனார் ஏறிய துறைமுகத்தில் உங்கள் பிள்ளை ஏறப் போகிறது. பயணத்தின் முதல் பாடம் அதுவாகவே இருக்கட்டும்.

காங்கேசன்துறைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். காலையில் புறப்படும் கப்பல் நண்பகலில் சேர்ந்து, பிற்பகலில் திரும்பிவிடும். இறங்கிய அன்றே அதே கப்பலில் திரும்ப நினைத்தால், குடியேற்றச் சோதனை வரிசையையும் சுங்கச் சோதனை மேசையையும் தவிர வேறொன்றையும் பிள்ளை பார்க்காது. ஆகவே "ஒரு நாள்" என்பதை நண்பகல் முதல் மறுநாள் நண்பகல் வரை என்று கணக்கிடுங்கள். ஓர் இரவு யாழ்ப்பாணத்தில் தங்கல். மறுநாள் கப்பல் உண்டா, என்ன கட்டணம், எவ்வளவு சாமான் கொண்டு போகலாம் என்பவற்றை முன்பதிவு செய்யும்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். கடல் சீற்றத்தால் ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேரிட்டால் அதற்கான பணமும், வழக்கமாகச் சாப்பிடும் மருந்தும் கையில் இருக்க வேண்டும்.

கப்பலில் நான்கு மணி நேரம்

இலங்கை நமக்குக் கிழக்கே இருக்கிறது என்றே பெரும்பாலானவர்கள் நினைக்கிறோம். போவதற்கு ஒரு வாரம் முன்பு வரைபடத்தை விரித்து, பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை ஏறக்குறைய நேர் தெற்கே, சற்றே கிழக்குச் சாய்வில் இருக்கிறது. கப்பலில் காலை வெயில் எந்தப் பக்கம் விழும்? இடப்பக்கம். கிப்லா எந்தப் பக்கம் இருக்கும்? நமக்குக் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே. ஆகவே போகும்போது வலப்பக்கம், கொஞ்சம் பின்னால் தள்ளி. திரும்பும்போது இடப்பக்கம், கொஞ்சம் முன்னால். ஒரு சிறிய திசைகாட்டியைக் கையில் கொடுத்தால் பிள்ளை இதைத் தானே சரிபார்த்துக்கொள்ளும். பாடப் புத்தகத்தின் திசைப் பாடம் தொழுகைக்குப் பயன்படுவதை அது அன்று காணும்.

அடுத்தது தூரம். கடலில் தூரத்தைக் கடல் மைலில் அளக்கிறார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். 60 கடல் மைல் சேர்ந்தால் பூமியின் அட்சரேகையில் ஒரு பாகை, அதாவது சுமார் 111 கிலோமீட்டர். நம் பயணமும் ஏறத்தாழ அவ்வளவுதான். பூமி உருண்டையில் ஒரு பாகை கீழே இறங்கினோம் என்று பிள்ளை தன் ஏட்டில் எழுதலாம். தூரத்தை நேரத்தால் வகுத்து, கப்பல் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போனது என்றும் கணக்கிடலாம்.

இந்தப் பயணம் கஸ்ருக்குரிய தூரத்தைத் தாண்டுகிறது. சேர்த்துத் தொழுவதில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருப்பதால், புறப்படும் முன் பிள்ளையையே மஹல்லா இமாமிடம் அனுப்பிக் கேட்டு வரச் சொல்லுங்கள். கேட்டு வந்து வீட்டாருக்கு அது விளக்கட்டும். மக்தபில் ஓதிய பயணத் தொழுகைச் சட்டம் அப்போது மனதில் நிற்கும்.

கடல் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டைக் கப்பல் கடக்கும். 1974இலும் 1976இலும் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கைகளால் வகுக்கப்பட்ட கடல் எல்லை அது. நம் மாவட்ட மீனவர்கள் கைதானார்கள், படகு பறிபோனது என்று நாம் அடிக்கடி கேள்விப்படுகிறோமே, அதற்குக் காரணமான கோடு இதுதான். அந்தப் பக்கத்து மீனவரும் தமிழ் பேசுகிறவர். அவருக்கும் வலையும் கடனும் உண்டு. நம் பக்கத்து இழுவைப் படகுகளால் தம் வலைகள் அறுபடுகின்றன என்பது அவர்களுடைய குறை. இரு பக்கத்தையும் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

இந்தக் கடல் வட்டாரத்தில் பயணம் செய்தவர்களில் இப்னு பதூதாவும் ஒருவர். 1344இல் மாலத்தீவிலிருந்து இலங்கைக்கு வந்த அவரை, யாழ்ப்பாண அரசரான ஆரியச் சக்கரவர்த்தி வரவேற்று, பாவா ஆதம் மலைக்குச் செல்லத் துணைக்கு ஆட்களையும் அனுப்பினார். அங்கிருந்து தமிழ்க் கரைக்கு வரும் வழியில் அவருடைய கப்பல் புயலில் சிக்கி உடைந்தது. இஸ்லாமிய வரலாறு என்றால் அரபு நாட்டோடு நின்றுவிடும் ஒன்று என்று நினைக்கும் பிள்ளைக்கு இந்தக் கதை ஒரு கதவைத் திறக்கும்.

கரை இறங்கிய பின்

இருபது இடங்களைப் பார்க்க ஓடாதீர்கள். மூன்று போதும். காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாண நகரம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். போரில் நின்றுபோன ரயில் பாதை காங்கேசன்துறை வரை 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது. நேரம் பொருந்தினால் ரயிலிலேயே போகலாம். கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை. 2006 முதல் இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றே. பெயர்ப்பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். அங்குள்ள முஸ்லிம்கள் மூத்தவரை "நானா" என்று அழைப்பதைக் கேட்டால், நம் வீட்டுப் பிள்ளை திரும்பிப் பார்க்கும்.

முதல் பாடம் தண்ணீர். நாம் ஆற்று வண்டலில் வாழ்கிறோம். அரசலாறும் திருமலைராஜன் ஆறும் காவிரியின் கிளைகள். யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. அடியில் சுண்ணாம்புப் பாறை. மழை நீர் அதன் துளைகள் வழியே இறங்கி, உள்ளே ஊறி நிற்கும் கடல் நீரின் மேல் மிதக்கிறது. நல்ல நீர் எடை குறைந்தது, உப்பு நீர் எடை கூடியது. அதனால்தான் மிதக்கிறது. அந்த நல்ல நீரைக் கிணற்றில் இறைத்தே வெங்காயமும் புகையிலையும் விளைவிக்கிறார்கள். புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல நீர், ஆழத்தில் உப்பு நீர். காங்கேசன்துறைக்கு அருகே கீரிமலையில் கடலை ஒட்டியே நன்னீர் ஊற்று இருக்கிறது. அது கோயில் தீர்த்தம் என்பதால் அடக்கமாக நின்று பார்த்து வரவேண்டும்.

இதைப் போவதற்கு முன் வீட்டிலேயே செய்து காட்டலாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் பாதிவரை நன்றாக உப்புக் கரைத்த நீர். அதன் மேல் சாயம் கலந்த நல்ல நீரை ஒரு கரண்டியின் பின்புறத்தில் விழும்படி மெல்ல ஊற்றுங்கள். இரண்டும் தனித்தனியே நிற்கும். பிறகு ஓர் உறிஞ்சு குழலால் மேல் நீரை அவசரமாக இழுத்தால் கலங்கி உப்பு ஏறும். கடலோர ஊர்களில் ஆழ்துளைக் கிணறுகளில் அளவுக்கு மேல் இறைக்கும்போது நடப்பதும் இதுதான். நம் தெருவில் தண்ணீர் ஏன் கரிக்கிறது என்ற கேள்விக்குப் பிள்ளை கடல் கடந்து போய் விடை கண்டுவரும்.

இரண்டாவது, யாழ்ப்பாணக் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியதை ஒல்லாந்தர் 1658இல் பிடித்து, ஐங்கோண வடிவில் மாற்றிக் கட்டினார்கள். அதே 1658இல்தான் அதே ஒல்லாந்தர் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினார்கள். கடலின் இரு கரையையும் ஒரே கம்பெனி ஏன் விரும்பியது என்று பிள்ளையிடம் கேளுங்கள். முத்து, துணி, யானை, கப்பல் வழி என்று ஒவ்வொன்றாக அது தேடட்டும்.

மூன்றாவது பாடம் கனமானது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு மே 31 நள்ளிரவை ஒட்டி எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. மீண்டும் கட்டப்பட்டு 2004 முதல் இயங்குகிறது. அதே நகரத்தில் சோனகத் தெரு இருக்கிறது. 1990 அக்டோபர் 30 அன்று அங்கு வாழ்ந்த முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலிருந்தும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். பலர் புத்தளத்தில் அகதிகளாகத் தங்கினர். போர் முடிந்த பின் ஒரு பகுதியினரே திரும்பியிருக்கிறார்கள்.

இவ்விரண்டையும் சேர்த்தே காட்ட வேண்டும். சோனகத் தெருவை மட்டும் காட்டினால், பிள்ளை நம் சமுதாயத்தின் வலியை மட்டுமே வலி என்று கற்றுக்கொள்ளும். நூலகத்தை மட்டும் காட்டினால் பாதி வரலாறுதான் தெரியும். அநீதி யார் செய்தாலும் அநீதி, யாருக்கு நடந்தாலும் அநீதி என்பதை வீட்டில் ஆயிரம் முறை சொல்வதைவிட, நூலக வாசலிலிருந்து சோனகத் தெருப் பள்ளிவாசல் வரை பிள்ளையின் கைபிடித்துக் கூட்டிப் போவது நன்றாகப் புரியவைக்கும். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு விவரம் வேண்டாம். "இங்கிருந்தவர்கள் வீட்டை விட்டுப் போக நேர்ந்தது, சிலர் திரும்பி வந்தார்கள்" என்பது போதும். அங்கு சந்திக்கும் மனிதர்களிடம் பழைய காயத்தைத் துருவிக் கேட்பது முறையல்ல. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம்.

தாள்களும் அனுமதிகளும்

பிள்ளைக்குத் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். 18 வயதுக்குட்பட்டவருக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,000 ரூபாய். சிறு பிள்ளைகளுக்கு அது ஐந்து ஆண்டுகள் செல்லும். நம் காரைக்காலிலேயே அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையம் இருப்பதால் வெளியூர் அலைய வேண்டியதில்லை. தாய் தந்தை இருவரின் ஒப்புதலும் தேவை. தந்தை வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்தால், அவருடைய ஒப்புதல் உறுதிமொழியை அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் சான்றோடு வரவழைக்க வேண்டியிருக்கும். இதற்கு நாளாகும். முன்கூட்டியே தொடங்குங்கள்.

நம் வீடுகளில் அதிகம் சிக்கல் தருவது பெயர். முஹம்மது, ஃபாத்திமா போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் எழுதியிருப்பார்கள். தகப்பனார் பெயர் ஒன்றில் முதலெழுத்தாகவும் மற்றொன்றில் முழுதாகவும் இருக்கும். விண்ணப்பிக்கும் முன் எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

இலங்கைக்குள் செல்லும் மின்னணுப் பயண அனுமதி பற்றிய விதிகள் அடிக்கடி மாறுகின்றன. அந்நாட்டு அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் பயண வாரத்தில் மறுபடி பாருங்கள். குடும்பத்தில் சிலர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களாக இருந்தால், ஒவ்வொருவரும் தத்தம் பாஸ்போர்ட்டுக்குரிய விதியைப் பார்க்க வேண்டும். தாய் அல்லது தந்தை ஒருவர் மட்டும் அழைத்துச் சென்றால், மற்றவரின் ஒப்புதல் கடிதம் ஒன்று கையில் இருப்பது நல்லது.

இன்னொன்று. மகனுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும் வீடு மகளுக்கும் எடுக்கட்டும். அண்ணன் கப்பல் ஏறும்போது தங்கை வாசலில் நின்று வழியனுப்பும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பெற்றோருடன் போகும் பயணத்தில் அவளுக்கு என்ன தடை? படிப்பு நின்றுபோன மகளுக்கே இந்தப் பயணம் அதிகம் தேவை. திசைகாட்டியையும் ஏட்டையும் அவள் கையில் கொடுத்துப் பாருங்கள்.

பேருந்துக் கட்டணத்தில் மூன்று நாடுகள்

இவ்வளவு செலவு எங்களால் முடியாது என்பவர்கள் மனம் தளர வேண்டாம். நம்மைச் சுற்றிலும் பழைய வெளிநாடுகள் இருக்கின்றன. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்றுதான் இந்தியாவின் நிர்வாகத்துக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவேறியது. அதுவரை வாஞ்சூரைத் தாண்டினால் வேறு நாடு. வடக்கே பேருந்தில் சிறிது நேரத்தில் சேரும் தரங்கம்பாடி, 1620 முதல் 1845 வரை டென்மார்க்காரர் வசம் இருந்தது. அவர்களுடைய டேன்ஸ்பர்க் கோட்டை இன்றும் கடலோரத்தில் நிற்கிறது. 1700களின் தொடக்கத்திலேயே அங்கே தமிழில் நூல்கள் அச்சாயின. தெற்கே நாகப்பட்டினம் 1781 வரை ஒல்லாந்தர் வசம்.

ஒரு சனிக்கிழமை காலை புறப்பட்டால், பேருந்துக் கட்டணத்தோடு பிரான்ஸ், டென்மார்க், ஹாலந்து மூன்றின் தடங்களையும் பார்த்துவிட்டு அஸருக்கு வீடு சேரலாம். முந்தின நாள் இரவு, பிரெஞ்சுக் காலத்தைக் கண்ட பெரியவர் ஒருவரிடம் பிள்ளையை உட்கார வையுங்கள். சாவடியில் என்ன சோதித்தார்கள், என்ன நாணயம் புழங்கியது, பள்ளியில் என்ன மொழி என்று அது கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அந்தப் பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கப்பல் ஏறப் போகிறவர்களும் முதலில் இந்தப் பயணத்தைச் செய்வது நல்லது.

திரும்பி வந்த பின்

வந்த வாரத்திலேயே பிள்ளை மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும். போன வழியை வெள்ளைத்தாளில் வரைபடமாக வரைய வேண்டும். தண்ணீர், கோட்டை, நூலகமும் சோனகத் தெருவும் ஆகிய மூன்றில் ஒன்றைப் பற்றித் தன் சொந்தச் சொற்களில் இரண்டு பக்கம் எழுத வேண்டும். மக்தபிலோ உறவினர் கூடும் இடத்திலோ பத்து நிமிடம் எழுந்து நின்று சொல்ல வேண்டும். வீட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் குறைவது அறிவல்ல, நாலு பேர் முன் பேசிப் பழகும் வாய்ப்புதான்.

எழுதவும் சொல்லவும் பிள்ளையால் முடிந்தால், உங்கள் வீட்டில் கல்வி நடக்கிறது என்று மனம் நிறைந்து அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள். இரண்டு பக்கம் எழுத முடியாமல் தடுமாறினால், அதையும் மறைக்காமல் ஏற்றுக்கொண்டு, பள்ளியில் சேர்ப்பதா, ஆசிரியர் வைப்பதா என்று உடனே முடிவெடுங்கள். பிள்ளையின் வயது நமக்காகக் காத்திருக்காது.

பூமியில் பயணம் செய்து முன் சென்றவர்களின் நிலையைச் சிந்திக்கும்படி திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கிறது. திறந்தநிலைப் பள்ளிப் பதிவிலோ பாஸ்போர்ட் விண்ணப்பத்திலோ உதவி தேவைப்படுவோர், பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல்களுடன் அலுவலக நேரத்தில் வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். படிவத்தில் தன் பெயரை அதுவே எழுதட்டும். நம் பிள்ளைகளின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்